முதலில் எது, பிறகு எது: பிள்ளைகளைத் தனியாக வளர்க்கத் தொடங்கும் அம்மாவுக்கு

என் கணவர் சாலை விபத்தில் இறந்தபோது எனக்கு வயது 27. மகனுக்கு ஆறு, மகளுக்கு இரண்டரை. திருப்பூரில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். இருவருக்குமே பனியன் கம்பெனி வேலை. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் "தைரியமாக இரு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். செக்கிங்கில் என்னோடு நின்ற ஓர் அக்கா மட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இறப்புச் சான்றிதழுக்குக் கொடுத்த பெயரும் ஆதாரில் இருக்கிற பெயரும் ஒன்றுதானா, பார்த்தாயா?" என்று காதோடு கேட்டார். இவருக்கு ஈவிரக்கமே இல்லையா என்று அன்று நினைத்தேன். துக்க வீட்டில் எனக்குக் கிடைத்த உருப்படியான உதவி அது ஒன்றுதான் என்று புரிய ஆறு மாதம் ஆனது.

தைரியம் வேறு வழியில்லாதவர்களுக்கு எப்படியும் வந்துவிடும். தெரியாமல் திண்டாடுவது வரிசையில்தான். எதை இந்த வாரமே செய்ய வேண்டும், எதை ஆறு மாதம் தள்ளிப்போட வேண்டும், எதில் கையெழுத்தே போடக் கூடாது என்று யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை. அந்த வரிசையை எழுதுகிறேன். தமிழ்நாட்டுப் பெண்களை மனத்தில் வைத்து எழுதியது. கணவரை இழந்தவள் என்பதால் என் பேச்சு அந்தப் பக்கமே சாயும்; கணவர் விட்டுப் போனவர்களுக்கென்றும் ஒரு பகுதி இருக்கிறது.

முதல் நாளே: பிள்ளைகளிடம் உண்மை

சான்றிதழ் இரண்டாவதுதான். முதலாவதை அந்த அக்காவும் எனக்குச் சொல்லவில்லை.

என் மகனிடம் "அப்பா வெளியூர் போயிருக்கிறார்" என்றுதான் சொல்லி வைத்தோம். சொன்னது நான் இல்லை, என் மாமா. நான் மறுக்கவில்லை, அது என் தவறு. வாசலில் பைக் சத்தம் கேட்கும்போதெல்லாம் பையன் எழுந்து ஓடினான். நான்கு மாதம் ஓடினான். பிறகு பள்ளியில் ஒரு பையன் உண்மையைச் சொல்லிவிட்டான். அன்று அவன் என்மேல் கொண்ட கோபம் அப்பாவை இழந்த வருத்தத்தைவிடப் பெரிதாக இருந்தது.

"அப்பா தூங்குகிறார்" என்று சொன்னால் பிள்ளை இரவில் கண்ணை மூடவே பயப்படும். "சாமி கூப்பிட்டுக்கொண்டார்" என்றால் அடுத்தது அம்மாவைக் கூப்பிடுமோ என்று கோயிலுக்கு வர மறுக்கும். "அப்பா இறந்துவிட்டார். அவர் உடம்பு வேலை செய்வது நின்றுவிட்டது. இனி வரமாட்டார். நான் இருக்கிறேன்" என்று நான்கு வாக்கியம் போதும். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு 'இனி எப்போதுமே வரமாட்டார்' என்பது ஒரே முறையில் பிடிபடாது. மறுநாளும் கேட்கும், அடுத்த வாரமும் கேட்கும். ஒவ்வொரு முறையும் அதே நான்கு வாக்கியத்தைச் சொல்லுங்கள். படுக்கையில் சிறுநீர் கழிக்காமல் இருந்த பிள்ளை மறுபடி கழிக்கத் தொடங்கலாம், மழலைக்குத் திரும்பலாம். அதற்காக அடிக்காதீர்கள், பாயின் மேல் ஒரு ரப்பர் ஷீட்டை விரித்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

கணவர் விட்டுப் போனவர்களுக்கும் இதே விதிதான், ஒரு சொல் கூடுதலாக: "இது உன்னால் நடந்ததில்லை." பிள்ளைகள் எப்படியோ தங்களைக் குற்றவாளியாக்கிக்கொள்வார்கள்.

இன்னொன்று. சாவு வீட்டில் ஆறு வயதுப் பையனின் தலையைத் தடவி, "இனி நீதான் வீட்டுக்கு ஆண்பிள்ளை, அம்மாவைப் பார்த்துக்கொள்" என்று ஒருவராவது சொல்வார். அந்த இடத்திலேயே மறுத்துப் பேசுங்கள், சொன்னவர் பெரியவராக இருந்தாலும் சரி. என் மகன் அதைக் கேட்ட நாளிலிருந்து இரவில் கதவுத் தாழ்ப்பாளை மூன்று முறை சரிபார்த்துவிட்டுத்தான் படுத்தான்.

இருபத்தொரு நாளும் ஒரு கோப்பும்

இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. மருத்துவமனையில் இறந்தால் அவர்களே தகவல் அனுப்பிவிடுவார்கள். வீட்டில் இறந்தால் நீங்கள்தான் சொல்ல வேண்டும். குடியிருந்த ஊரில் அல்ல, உயிர் பிரிந்த ஊரில்தான் பதிவாகும். என் கணவருக்கு விபத்து நடந்தது ஓரிடம், இறந்தது கோயம்புத்தூரில். அதனால் கோயம்புத்தூருக்கு அலைந்தேன். பெயர், தந்தை பெயர், இனிஷியல் மூன்றும் ஆதாரில் உள்ளபடியே இருக்க வேண்டும். அக்கா கேட்டது இதைத்தான். எங்கள் விஷயத்தில் 'ன்' இருக்க வேண்டிய இடத்தில் 'ண்' இருந்தது. ஒரே ஒரு சுழி அதிகம், அதற்கு ஏழு முறை பஸ் ஏறினேன்.

ஒரு பிளாஸ்டிக் கோப்பு வாங்குங்கள், உள்ளே பை பையாக இருக்கும் வகை. இறப்புச் சான்றிதழ், திருமணப் பதிவுச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், எல்லோருடைய ஆதார், ரேஷன் அட்டை, கணவரின் வங்கிப் புத்தகம், சம்பளச் சீட்டு. விபத்து என்றால் முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை. எல்லாவற்றிலும் ஐந்தைந்து நகல். அசலை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள், அண்ணனாக இருந்தாலும்.

அடுத்து வாரிசுச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்து அனுப்ப, வட்டாட்சியர் தருவார். மாமியார் உயிரோடு இருந்தால் அவர் பெயரையும் சேர்க்க வேண்டும். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணின் சொந்தச் சம்பாத்தியத்தில் மனைவி, பிள்ளைகள், தாய் எல்லோருக்கும் சம பங்கு. மாமியாரோடு பேச்சுவார்த்தை இல்லாத கோபத்தில் நான் அவர் பெயரை விட்டுவிட்டு மனு கொடுத்தேன். திருப்பி அனுப்பினார்கள், இரண்டு மாதம் போயிற்று. முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்குப் பங்கு முறை வேறு, சான்றிதழ் வாங்கும் வழி ஒன்றுதான்.

கையெழுத்து விஷயத்தில் கல்லாக இருங்கள். மூன்றாம் நாளே நஷ்ட ஈடு வாங்கித் தருவதாக ஒருவர் வந்தார். என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமலே நானும் போட்டுக் கொடுத்தேன். அவசரமே இல்லை. விபத்து இழப்பீட்டு மனுவை விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்று 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம் சொல்கிறது. ஆறு மாதத்தில் நிதானமாக நல்ல வழக்கறிஞரைத் தேடலாம். இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டி எதுவென்றே தெரியாவிட்டாலும் இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் தர ஏற்பாடு இருக்கிறது. சொத்து விஷயத்தில் இன்னும் நிதானம் வேண்டும். மைனர் பிள்ளைகளின் பங்கை நீதிமன்ற அனுமதி இல்லாமல் நீங்களே நினைத்தாலும் விற்க முடியாது. கொழுந்தனார் பத்திரத்தை நீட்டும்போது இந்த ஒரு வரியைச் சொல்லிப் பாருங்கள், பேச்சு அடங்கிவிடும்.

கணவர் விட்டுப் போயிருந்தால்

இங்கே சான்றிதழ் எதுவும் கிடையாது என்பதுதான் சிக்கல். ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து, முத்திரைத்தாளில் 'இனி எங்களுக்குள் எந்தச் சம்பந்தமும் இல்லை' என்று எழுதி இருவரிடமும் கையெழுத்து வாங்குவார்கள். அந்தத் தாள் விவாகரத்து ஆகாது. 'பிள்ளைகளுக்குச் செலவுக் காசு கேட்கமாட்டேன்' என்று அதில் எழுதியிருந்தாலும் பிள்ளைகளின் உரிமை போகாது, ஏனென்றால் அது உங்களுடையது இல்லை, விட்டுக்கொடுக்க. ஆனாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஜீவனாம்சம் கேட்பது முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவு. 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 144-ஆவது பிரிவு. நீங்கள் இப்போது குடியிருக்கும் ஊரிலேயே மனுப் போடலாம், அவர் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. இடைக்காலத் தொகையும் சேர்த்துக் கேளுங்கள். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போய்ச் சேர்ந்து 60 நாட்களுக்குள் இயன்றவரை முடிவு செய்ய வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அறுபது நாள் அறுபது நாளாகவே இருக்காது, ஆனால் கேட்காதவருக்கு அதுவும் இல்லை.

வழக்கறிஞருக்குப் பணம் இல்லை என்று நிற்காதீர்கள். பெண் என்ற ஒரே தகுதி போதும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். தொலைபேசி எண் 15100. அடி, மிரட்டல், வீட்டைவிட்டு வெளியே தள்ளுவது என்றால் 181-ஐ அழையுங்கள். மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம், வீடு உங்கள் பெயரில் இல்லாவிட்டாலும் அதில் குடியிருக்கும் உரிமையைத் தருகிறது. கணவர் இறந்த பின் புகுந்த வீட்டார் வெளியேற்றினாலும் இந்த உரிமையைக் கேட்கலாம். 2022-ல் உச்ச நீதிமன்றம் ஒரு கைம்பெண்ணின் வழக்கிலேயே இதைச் சொன்னது.

வரவேண்டிய பணம்

பிச்சை கேட்பது போல் தயங்கி நிற்பதுதான் இந்தக் கட்டத்தின் பெரிய நஷ்டம். உங்களுக்கென்று ஒதுக்கியதை நீங்கள் கேட்காவிட்டால் அது அங்கேயே கிடக்கும்.

கணவருக்கு வருங்கால வைப்பு நிதி பிடித்தம் இருந்ததா என்று சம்பளச் சீட்டில் பாருங்கள். இருந்தால் மூன்று படிவம் ஒன்றாகப் போக வேண்டும்: சேர்ந்த பணத்துக்கு 20, குடும்ப ஓய்வூதியத்துக்கு 10டி, காப்பீட்டுக்கு 5ஐஎஃப். பலரும் முதலாவதை மட்டும் கொடுத்துவிட்டு முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். அந்தக் காப்பீடு 7 லட்சம் ரூபாய் வரை வரும். ஓய்வூதியத்தில் மனைவிக்கு ஒரு தொகை, அதில் கால் பங்கு வீதம் இரண்டு பிள்ளைகளுக்கு 25 வயது வரை தனியாக. எங்கள் கம்பெனியில் கேட்டபோது, "அதெல்லாம் வராது அம்மா" என்றார்கள். வந்தது.

ஆதரவற்ற விதவை ஓய்வூதியம் 2023-ல் மாதம் 1000 ரூபாயிலிருந்து 1200 ஆனது. கணவனால் கைவிடப்பட்டவர்களுக்கான ஓய்வூதியத்துக்கு 30 வயது ஆகியிருக்க வேண்டும். சட்டப்படி பிரிந்திருக்க வேண்டும், அல்லது கைவிடப்பட்டு ஐந்து வருடம் ஆகியிருக்க வேண்டும். 24 வயதில் இரண்டு பிள்ளைகளோடு நிற்பவள் ஆறு வருடம் எதைத் தின்பாள் என்று விதி எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

அப்படிப்பட்டவர்களுக்குத்தான் இந்த இடத்தை அழுத்திச் சொல்கிறேன். மாவட்ட ஆட்சியரின் கீழ் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு என்று ஓர் அலுவலகம் இருக்கிறது. மிஷன் வாத்சல்யா என்ற மத்தியத் திட்டத்தில், தாய் கைம்பெண்ணாகவோ விவாகரத்து ஆனவராகவோ குடும்பத்தால் கைவிடப்பட்டவராகவோ இருந்தால் பிள்ளைக்கு மாதம் 4000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு, 18 வயது வரை. குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ஒரு குழு பரிசீலித்துத்தான் தேர்ந்தெடுக்கும், எல்லோருக்கும் உடனே கிடைத்துவிடாது. வருமானச் சான்றிதழ், பள்ளியில் படிக்கும் சான்று, கோப்பின் நகல்கள் ஆகியவற்றோடு போய் எழுத்து மூலம் மனுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்குங்கள். ஓய்வூதியத்தைப் பற்றி எல்லோருக்கும் தெரிகிறது. அதைவிட மூன்று மடங்குக்கும் மேல் வரும் இதைப் பற்றி என் லைன் வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை.

கலைஞர் மகளிர் உரிமைத் தொகையில் தனித்து வாழும் பெண்ணும் குடும்பத் தலைவிதான். ஓய்வூதியத்தோடு சேர்த்துப் பெற முடியுமா என்பதை விண்ணப்பிக்கும் அன்றைய விதிப்படி கேட்டுக்கொள்ளுங்கள். ரேஷன் அட்டையிலும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையிலும் பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஐந்து லட்சம் வரை சிகிச்சை தரும் அட்டை அது. இரவில் பிள்ளையோடு மருத்துவமனையில் நிற்கும்போது அதில் இறந்தவர் பெயரை வைத்துக்கொண்டு வாதாட முடியாது.

ஆதரவற்ற விதவைச் சான்றிதழ் என்பது வேறு. இதை வட்டாட்சியர் அல்ல, கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர் தர வேண்டும். எல்லா வருமானமும் சேர்த்து மாதம் 4000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். இதை வைத்துக்கொண்டு அரசுத் தேர்வு எழுதினால், பெண்களுக்கு ஒதுக்கிய இடங்களில் பத்தில் ஒன்று உங்களுக்கு. விவாகரத்து ஆனவர்களுக்கும் கைவிடப்பட்டவர்களுக்கும் இது கிடையாது. குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். நான் பத்தில் கணக்கில் தோற்றவள். 31 வயதில் தனித்தேர்வராக அந்த ஒரு பாடத்தை எழுதித் தேறினேன். அதற்குள் கம்பெனி வருமானம் அந்த வரம்பைத் தாண்டியிருந்தது. வருமானம் கூடுவதற்கு முன் தேர்வை எழுதிவிடுங்கள் என்று சொல்வது விசித்திரமான அறிவுரைதான். ஆனாலும் சொல்கிறேன்.

வேலைக்குப் போனால் பிள்ளையை யார் பார்ப்பது

கம்பெனிக்குத் திரும்பியதும் நான் செய்த முதல் தவறு ஒன்றரை ஷிப்ட் பார்த்தது. அப்போது ஒரு ஷிப்டுக்கு 240 ரூபாய், ஒன்றரைக்கு 360. கூடுதலாக வந்த 120-ல் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட பாட்டிக்கு 50, சமைக்க நேரமில்லாமல் கடையில் வாங்கிய பரோட்டாவுக்கு 40. மிஞ்சியது 30 ரூபாய். அதற்காக என் மகள் தினமும் இரவு ஒன்பது மணி வரை யார் வீட்டுத் திண்ணையிலோ தூங்கினாள். இந்தக் கணக்கைத் தாளில் எழுதிப் பார்க்க எனக்கு ஐந்து மாதம் பிடித்தது. உங்கள் கணக்கை இன்றே எழுதுங்கள். எண்கள் வேறாக இருக்கும், ஒருவேளை கூடுதல் ஷிப்ட் உங்களுக்குக் கட்டுப்படியாகவும் ஆகலாம்.

இரண்டு வயது முடிந்த பிள்ளையை அங்கன்வாடியில் விடலாம். மதியச் சாப்பாடு, முட்டை கிடைக்கும். ஆனால் கம்பெனி விடும் நேரம் வரை அது திறந்திருக்காது, அந்த இடைவெளிக்கு ஆள் வேண்டும். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்பது 2017 முதல் சட்டம். ஏட்டில் மட்டும் இருக்கும் காப்பகங்களும் உண்டு. வேலைக்குச் சேரும் முன் நேரில் போய்ப் பாருங்கள், தொட்டிலில் துணி நனைந்திருந்தால் அது உண்மையான காப்பகம்.

அக்கம்பக்கத்தில் உதவி கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது. "எப்போதாவது பார்த்துக்கொள்ளுங்கள்" என்று பொதுவாகச் சொன்னால் யாரும் பார்க்கமாட்டார்கள். "செவ்வாய், வியாழன் மாலை ஐந்தரை முதல் ஆறரை வரை" என்று கேளுங்கள். பதிலுக்கு நீங்கள் என்ன செய்வீர்கள் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். எதிர்வீட்டு அக்காவின் இரண்டு பிள்ளைகளையும் ஞாயிறு காலை முழுக்க நான் பார்த்துக்கொண்டேன். அவர் சந்தைக்குப் போய்வருவார். காசு கைமாறாததால் இருவருக்கும் முகம் சுளிக்க இடமில்லாமல் போயிற்று.

பிள்ளையைப் பள்ளியிலிருந்து யார் அழைத்துவரலாம் என்று மூன்று பெயரை எழுதி ஆசிரியரிடம் கொடுங்கள். நான்காவது ஆள் வந்தால் அனுப்பக் கூடாது, சித்தப்பாவாக இருந்தாலும். தனியாக இருக்கும் பெண்ணின் வீட்டுக்கு உதவி செய்ய வருபவர்களில் ஒருவர் பிள்ளைக்கு மட்டும் மிட்டாய் வாங்கி வந்தபடி இருந்தால் கண் விழிப்பாக இருங்கள். தொடக் கூடாத இடங்கள் எவை, யாரிடம் சொல்ல வேண்டும் என்பதை மூன்று வயதிலேயே சொல்லித் தரலாம், மகனுக்கும்தான். அவசரத்துக்குக் குழந்தைகள் உதவி எண் 1098.

பூ வைப்பதா, பொட்டு வைப்பதா, சிரித்துப் பேசலாமா என்பதற்கெல்லாம் தெருவில் மனுப் போட வேண்டியதில்லை. அதற்கு இதற்குமேல் இடம் கொடுக்க மாட்டேன்.

காய்ச்சல் ராத்திரி

தனியாக இருக்கும்போது உண்மையாகவே கைகால் நடுங்குவது இரவு இரண்டு மணிக்குப் பிள்ளையின் உடம்பு கொதிக்கும்போதுதான். அதனால் பகலிலேயே ஒரு டப்பா தயார் செய்யுங்கள்: வெப்பமானி, பாராசிட்டமால் சிரப், அளவு குறித்த மருந்துக் குழல், ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நான்கு, டார்ச், ஆட்டோ அண்ணன் ஒருவரின் எண்.

சிரப்பை வயதைப் பார்த்துக் கொடுக்காதீர்கள். எடையைப் பார்த்துக் கொடுங்கள். ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை. பத்துக் கிலோ பிள்ளைக்கு 150 மில்லிகிராம். ஐந்து மில்லியில் 120 மில்லிகிராம் இருக்கும் பாட்டிலும் உண்டு, 250 இருக்கும் பாட்டிலும் உண்டு. இரண்டும் பார்க்க ஒன்று போலவே இருக்கும். 250 பாட்டில் என்றால் 3 மில்லி போதும், 120 பாட்டில் என்றால் 6 மில்லிக்குச் சற்று மேல். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது உங்கள் பிள்ளைக்கு, உங்களிடம் இருக்கும் பாட்டிலில் எத்தனை மில்லி என்று கேட்டு அட்டையில் எழுதி டப்பாவின் மூடிக்குள் ஒட்டிவிடுங்கள். தூக்கக் கலக்கத்தில் கணக்குப் போடக் கூடாது. ஆஸ்பிரின் வேண்டவே வேண்டாம்.

மூச்சு வாங்கினால், வலிப்பு வந்தால், எதையும் குடிக்காமல் துவண்டு கிடந்தால், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டால் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். இன்னொரு பிள்ளையை யாரிடம் விடுவது என்பதையும் முன்னாலேயே பேசி வைத்திருக்க வேண்டும். நான் மகனைத் தூக்கிக்கொண்டு ஓடிய இரவில் மகளை உறக்கத்தோடு எதிர்வீட்டுப் பாயில் கிடத்திவிட்டுப் போனேன். காலையில் விழித்தவள் அழவில்லை. அங்கேயே காபி வாங்கிக் குடித்திருக்கிறாள்.

பள்ளி

கடன் வாங்கி எல்.கே.ஜி. சேர்க்காதீர்கள். தனியார் பள்ளிகளில் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடங்களுக்கு விண்ணப்பித்துப் பாருங்கள், கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் அரசுப் பள்ளி. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை காலைச் சாப்பாடு போடுகிறார்கள். காலை எட்டரைக்கு ஷிப்டுக்கு ஓடும் அம்மாவுக்கு அதன் அருமை தெரியும். ஆறாம் வகுப்பில் எங்கே சேர்க்கிறீர்கள் என்பதுதான் பணக் கணக்கில் பெரிய முடிவு. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் கல்லூரியில் மாதம் 1000 ரூபாய் வருவதும் பெரும்பாலும் அந்த ஏழு வருடப் படிப்பை வைத்துத்தான்.

விண்ணப்பத்தில் தந்தை பெயருக்கான இடத்தில் கணவர் பெயரை எழுதி, அருகில் 'இறந்துவிட்டார்' என்று சேருங்கள். அதைப் பிள்ளையின் கண் முன்னாலேயே எழுதுங்கள். பான் அட்டைக்கு, தாய் தனியாக வளர்ப்பதாக இருந்தால் தந்தை பெயர் கட்டாயமில்லை என்று 2018 டிசம்பரிலேயே விதி மாறிவிட்டது. பிள்ளைகளின் ஆதாரில் ஐந்து வயதிலும் பதினைந்திலும் கைரேகை புதுப்பிக்க மறந்துவிடாதீர்கள். உதவித்தொகை நிற்பது பெரும்பாலும் இந்தச் சில்லறைக் காரணத்தால்தான்.

கையில் வந்த பணம்

இழப்பீடோ காப்பீடோ மொத்தமாக வந்தால், ஒரு வருடத்துக்கு அதைத் தொடாதீர்கள். வங்கியிலோ தபால் நிலையத்திலோ வைப்புத்தொகையாகப் போட்டுவிட்டு, "பூட்டிக் கிடக்கிறது, எடுக்க முடியாது" என்று சொல்லுங்கள். கடன் கேட்பவர்களிடம் இல்லை என்று சொல்ல வராத பெண்களுக்கு இந்த வாக்கியம் கை கொடுக்கும். மைனர் பிள்ளைகளின் பங்கை, விபத்து இழப்பீட்டைத் தீர்மானிக்கும் தீர்ப்பாயமே அவர்களுக்கு 18 ஆகும்வரை வங்கியில் போட்டுவிடுவது வழக்கம், அது நல்லதுதான்.

வாரா வாரம் வந்து நிற்கும் குழுக் கடன் வேண்டாம். அவசரம் என்றால் நகையை வங்கியில் வையுங்கள். பத்து வயதுக்குள் பெண் பிள்ளை இருந்தால் தபால் நிலையத்தில் செல்வமகள் சேமிப்புக் கணக்கு. வருடம் 250 ரூபாய் கட்டினாலும் கணக்கு உயிரோடு இருக்கும். வங்கிக் கணக்கு வழியாக வருடம் 436 ரூபாய்க்கு 2 லட்சம் ஆயுள் காப்பீடும், 20 ரூபாய்க்கு விபத்துக் காப்பீடும் இருக்கின்றன. கணவருக்கு இவை இருந்தனவா என்று அவருடைய வங்கிப் புத்தகத்தில் பிடித்தத்தைப் பாருங்கள். இல்லாவிட்டால் உங்கள் பெயரில் இந்த வாரமே போடுங்கள். இப்போது வீட்டில் காப்பீடு தேவைப்படுவது உங்கள் உயிருக்குத்தான்.

கோப்பின் கடைசிப் பை

இதை எல்லோரும் தள்ளிப்போடுகிறோம். நமக்கு ஏதாவது ஆனால் பிள்ளைகள் யாரிடம் போவார்கள்? கணவரை இழந்த இந்துத் தாய், தன் காலத்துக்குப் பிறகு பிள்ளைகளுக்குக் காப்பாளர் யார் என்பதை உயிலில் எழுதலாம். முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவு கட்டாயமில்லை. வெள்ளைத் தாளில் எழுதி, இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, அவர்களும் கையெழுத்திட்டால் செல்லும்.

எனக்கு மற்றதெல்லாம் அரை மணி நேரத்தில் எழுதி முடிந்துவிட்டது. காப்பாளர் பெயர் எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றுவிட்டது. அண்ணனா, மாமியாரா, தங்கையா என்று மூன்று வாரம் யோசித்தேன். யார் வசதியானவர் என்று பார்ப்பதை விட்டுவிட்டு, என் மகள் யார் வீட்டில் சொல்லாமலே போய் அடுக்களையில் உட்காருகிறாள் என்று பார்த்தேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தேனிக்குப் பஸ் ஏறி, தங்கையிடம் நேரிலேயே கேட்டேன். அவள் அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"இதைக் கேட்கவா அக்கா ஐந்து மணி நேரம் பஸ்ஸில் வந்தாய்? கை கழுவிவிட்டு வா, சோறு ஆறுகிறது."